இன்று செகண்ட் ஷிஃப்ட் முடிவதற்குள்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்சி டீச்சர் கொடுத்த வேலை மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழும் செய்திகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது மெய்யா பொய்யா என்று தாங்களே விசாரித்து, அட்டையில் ஒட்டி, வகுப்பில் எழுந்து சொல்ல வேண்டும். பொய்க்குச் சிவப்புப் பொட்டு, மெய்க்குப் பச்சை. பழைய செய்தி புதிது போல் உலவினால் மஞ்சள். பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம். கம்ப்யூட்டர் வகுப்பில் மாதம் ஒரு பீரியடை இதற்கென்று அவள் ஒதுக்கியிருந்தாள்.

முதலில் கார்முகில் எழுந்தான். அவன் அட்டையில் ஒரு பெரிய பள்ளத்தின் படம். நெய்வேலி நிலக்கரிக்கு அடியில் தங்கம் தட்டுப்பட்டிருக்கிறது என்று அதன்கீழ் எழுதியிருந்தது.

"படத்தத் தேடிப் பாத்தேன் மிஸ். வேற ஏதோ நாட்டு மைன்ஸு. ஆனா எங்க பெரியப்பா இத நம்பிட்டாரு. அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட் அவருக்கு. தங்கம் வந்தப்புறம் போறேன், இப்ப போவ மாட்டேன்னு வூட்ல ஒரே சண்ட."

"சிவப்புப் பொட்டு செய்திக்கா, பெரியப்பாவுக்கா?" என்றாள் நான்சி. வகுப்பு சிரித்து ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்து ஆனி. நறுக்கென்று பேசுகிற பெண். அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். எழுத்து சிறியதாக இருந்ததால் நான்சிக்கு முதலில் தெரியவில்லை. ஆனி வாசிக்கத் தொடங்கினாள்.

"அவசரம். எழில்மதி, வயது ஒன்பது, நெய்வேலி. பி நெகட்டிவ் ரத்தம் உடனே தேவை. இன்று செகண்ட் ஷிஃப்ட் முடிவதற்குள் வந்தால் ஒரு உயிர் பிழைக்கும். தொடர்புக்கு..."

நான்சி மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எங்க மாமாவோட ஓசூர் கம்பெனி குரூப்புல வந்துச்சி மிஸ். இன்னைக்குன்னு போட்டிருக்கு. ஆனா என்னைக்குன்னு இல்ல. தேதி இல்லாத செய்திய நம்பக்கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. சரி, எழுதின ஆள் யாரு? தெரியல. அதனால நீங்க சொன்ன மாதிரி அந்த நம்பருக்கே போன் பண்ணிக் கேட்டோம்."

"யாரு பண்ணினது?"

"நான்தான் மிஸ். ஸ்பீக்கர்ல போட்டு எங்க டீம் மொத்தமும் கேட்டோம். ஒரு ஆன்ட்டி எடுத்தாங்க. நல்லா பேசினாங்க. 'ரத்தம் அப்பவே கெடச்சிடுச்சிம்மா, பாப்பா நல்லா இருக்கா, செவன்த் படிக்கறா'ன்னாங்க. ஏ செக்ஷன் பசங்களும் பண்ணியிருக்காங்க, அவங்ககிட்டயும் அதேதான் சொன்னாங்களாம். அதனால பழைய செய்தி, ஆனா பொய் இல்ல. மஞ்சள் பொட்டு கரெக்டா மிஸ்?"

நாற்பது முகங்கள் அவளைப் பார்த்தன. கரும்பலகையில் அவள் கையெழுத்திலேயே மூன்று கேள்விகள் இருந்தன. யார் சொன்னது, எப்போது சொன்னது, மூலத்தில் கேட்டாயா. ஆனி மூன்றையும் ஒழுங்காகச் செய்திருந்தாள்.

"கரெக்ட்" என்றாள் நான்சி. "மஞ்சள்."

அந்தச் செய்தியை எழுதியவள் நான்சிதான்.

அப்போது நான்சியின் குடும்பமும் தனத்தின் குடும்பமும் டவுன்ஷிப்பின் இருபத்தோராவது வட்டத்தில் ஒரே சுவரின் இரு பக்கத்தில் குடியிருந்தார்கள். இரட்டைக் குவார்ட்டர்ஸ். இந்தப் பக்கம் நான்சியும் அவள் கணவன் லியோவும்; அந்தப் பக்கம் தனம், பழனிவேல், அவர்களுடைய ஒரே பெண் எழில்மதி. நான்சிக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண் பாதி நாள் இங்கேதான் சாப்பிடும். ரசம் வைத்தால் சுவரைத் தட்டும். மீன் குழம்பென்றால் தட்டாமலே வந்து நிற்கும்.

காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அது முற்றி, மூக்கில் ரத்தம் கசிய ஆரம்பித்ததும் டாக்டர்கள் ரத்தம் வேண்டுமென்றார்கள். பழனிவேல் சுரங்கத்துக்குள் வேலையில் இருந்தான். ஆளனுப்பியிருந்தது, இன்னும் வந்து சேரவில்லை. தனம் இரண்டு முறை அடித்து அழித்தாள். "அக்கா, நீங்களே எழுதிடுங்கக்கா" என்று போனை நான்சியிடம் கொடுத்தாள். வராந்தாவில் நின்றபடியே நான்சி அடித்தாள். எத்தனை மணிக்குள் வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டபோது, ராத்திரி பத்துக்குள் என்றார் அவர். டவுன்ஷிப்பில் யாரும் மணி சொல்வதில்லை. பால்காரர் வருவது ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போகிற நேரம். கல்யாண வரவேற்பு ஜெனரல் ஷிஃப்ட் விட்டதும். விரல் தானாகவே 'இன்று செகண்ட் ஷிஃப்ட் முடிவதற்குள்' என்று அடித்தது. தொடர்புக்குத் தனத்தின் எண்ணைப் போட்டாள்.

ஆட்கள் வந்தார்கள். வேலை முடிந்து குளிக்காமல், சட்டையில் கரித்தூளோடு வந்தார்கள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே வண்டியில் வந்தார்கள். வேண்டிய ரத்தம் முழுவதும் அன்றைக்கே கிடைத்தது. "நாலே வரியில நச்சுன்னு எழுதியிருக்க" என்று லியோ சொன்னான். அந்த நெருக்கடியிலும் அவன் சொன்னது அவளுக்குள் எங்கோ போய் இனித்தது. பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு கசந்தது.

ரத்தம் ஏற்றியும் எழில்மதி அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

காரியங்கள் முடிந்ததும் பழனிவேல் வேறு குவார்ட்டர்ஸுக்கு மனு போட்டு வாங்கிக்கொண்டு எட்டாவது வட்டத்துக்குப் போய்விட்டான். டவுன்ஷிப்பின் அந்தக் கோடி. ஸ்கூட்டரில் போனால் சீக்கிரம் போய்விடலாம். நான்சி போகவில்லை. தன் முகத்தைப் பார்த்தால் தனத்துக்கு ஞாபகம் வரும், கொஞ்சம் ஆறட்டும் என்று முதலில் நினைத்தாள். அது நல்லெண்ணம்தான். மாதங்கள் போனபின் இத்தனை நாள் வராதவள் இப்போது எந்த முகத்தோடு போவது என்று கூச்சம் வந்தது. கூச்சமும் பழகிவிட்டது. ஆக மூன்று வருஷம்.

அந்த மூன்று வருஷமும் செய்தி நடந்துகொண்டே இருந்திருக்கிறது. ஷிஃப்ட் உள்ள ஊர்களுக்கெல்லாம் அது போயிருக்கும். செகண்ட் ஷிஃப்ட் இல்லாத நாள் எங்கே இருக்கிறது? யார் எப்போது வாசித்தாலும் அன்றைக்குத்தான் அந்தப் பெண் படுக்கையில் கிடக்கிறாள். அன்றைக்குத்தான் ரத்தம் வேண்டும். தன்னைத் தவிர ஊரில் இருக்கிற அத்தனை பேரும் தனத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது போதாதென்று தன் வகுப்புப் பிள்ளைகளையும் தானே ஏவிவிட்டிருக்கிறாள்.

பாப்பா நல்லா இருக்கா. செவன்த் படிக்கறா. அவள் இருந்திருந்தால் ஏழாவதுதான். தனம் கணக்குத் தவறவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நான்சி போனில் தனத்தின் பெயரைத் தேடினாள். 'தனம் பக்கத்து வீடு' என்றே இருந்தது. விரல் அதன் மேல் நின்றது. என்ன சொல்லி ஆரம்பிப்பது? அழைப்பைவிட இன்னொன்று சுலபமாகத் தெரிந்தது. அவள் உட்கார்ந்து எழுதினாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து வைத்தாள்.

'கவனிக்க: எழில்மதி என்ற குழந்தைக்கு ரத்தம் கேட்டு உலவும் செய்தி மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது. அன்று ரத்தம் கிடைத்தது. ஆனாலும் குழந்தை பிழைக்கவில்லை. தயவுசெய்து அந்த எண்ணுக்கு யாரும் அழைக்காதீர்கள். பழைய செய்தியைப் பகிராதீர்கள்.' கீழே அன்றைய தேதி. அதன்கீழ் தன் முழுப்பெயர், பள்ளி ஆசிரியை என்று.

லியோ தோளுக்குப் பின்னாலிருந்து வாசித்தான்.

"தனத்துக்கிட்ட கேட்டியா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? வாரத்துக்கு நாலு பேர் போன் பண்ணி உன் பொண்ணு எப்படி இருக்கான்னு கேட்டா, யாரால தாங்க முடியும்? அவளுக்கு நிம்மதிதான்."

"ஒரு வார்த்த கேட்டுடேன்."

"கேட்டா வேணாம்பா. அவ சுபாவம் உனக்குத் தெரியாதா?"

அப்படிச் சொன்னபோது அவளுக்கே அது சரியாகத்தான் பட்டது. பள்ளிக் குழு, சர்ச் குழு, குவார்ட்டர்ஸ் பெண்கள் குழு, லியோவின் அனல்மின் நிலையக் குழு என்று எல்லாவற்றிலும் போட்டாள். 'நன்றி டீச்சர்' என்று வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் சேத்தியாத்தோப்பிலிருந்து லியோவின் தம்பி அவளுக்கு ஒரு படம் அனுப்பினான். எரியும் மெழுகுவத்தி. பக்கத்தில் யாரோ ஒரு சிறுமியின் முகம். எழில்மதி அல்ல, முகமறியாத வேறொரு குழந்தை. மேலே பெரிய எழுத்தில்: 'ரத்தம் கிடைக்காமல் துடிதுடித்து இறந்த நெய்வேலிச் சிறுமி எழில்மதி. உதவ ஒருவரும் வரவில்லை. மனிதம் எங்கே? பகிருங்கள்.' 'ஐயோ பாவம் அண்ணி, உங்க ஊர்தானே' என்று தம்பி கேட்டிருந்தான்.

அவளுடைய தேதி இல்லை. அவளுடைய பெயர் இல்லை. 'அன்று ரத்தம் கிடைத்தது' என்ற வரியை யாரோ உருவிப் போட்டிருந்தார்கள். முதல் செய்தியில் அவள் கொடுத்த தனத்தின் எண் மட்டும் கீழே அப்படியே இருந்தது.

அவள் அதற்கும் ஒரு மறுப்பை எழுதத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் நிறுத்தினாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டாள்.

எட்டாவது வட்டத்தில் விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் சாக்கை விரித்து அதன் மேல் பாதி பிளந்த பலாப்பழத்தோடு தனம் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை எண்ணெய். வீடு முழுக்கப் பலா வாசனை. காதோரம் முடி வெளுத்திருந்தது. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள்.

"வாங்க டீச்சர்" என்றாள். "இன்னிக்கு இஸ்கூலு இல்லியா?"

அக்கா என்று கூப்பிட்டவள். நான்சி அதைக் கேட்டுக்கொண்டு, காட்டிய நாற்காலியில் உட்காராமல் சாக்கின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"லீவு போட்டேன்."

"அவரு ஃபர்ஸ்ட் ஷிஃப்டு. வர்ற நேரந்தான். பண்ருட்டி ரோட்டுல பழம் மலிவா வந்துதுன்னு தூக்கிக்கினு வந்துட்டாரு. ரெண்டு பேருக்கு எதுக்கு இம்மாம் பெருசு? சொன்னா கேக்கற ஆளா?"

"தனம், அந்த மெசேஜ்..."

"பாத்தேன்." கத்தி சக்கையிலிருந்து ஒரு சுளையைப் பிரித்தது. "நீங்க போட்டதையும் பாத்தேன், அப்புறம் வந்ததையும் பாத்தேன். நேத்து முத்தாண்டிக்குப்பத்துலருந்து அந்தப் பெரிய தம்பி வந்துது. அன்னிக்கு ரத்தம் குடுத்துதே, அதுதான். 'நாங்க வந்து குடுத்தமே, ஒருத்தரும் வரலன்னு போட்டிருக்கீங்களே'ன்னு கேட்டுது. நான் போடலப்பான்னேன். நம்புச்சோ என்னவோ."

"நான் அப்படி எழுதல. யாரோ மாத்திட்டாங்க. நான் எழுதினது, உனக்கு யாரும் போன் பண்ணித் தொந்தரவு தரக்கூடாதுன்னு."

"தொந்தரவுன்னு நான் சொன்னனா?"

நான்சி சாக்கின் மடிப்பை நீவிவிட்டாள்.

"அவரும் அப்படித்தான். நம்பர மாத்து, நம்பர மாத்துன்னு மூணு வருசமா. நான்தான் மாத்தல." தனம் குனிந்தபடியே பேசினாள். குரல் உயரவில்லை. "மொதல்ல வந்தப்பல்லாம் நெஞ்சு அடைக்கும், நெசந்தான். அப்புறம் ஒருநாள் ஒரு பையன், காலேஜு போற வயசு போலருக்கு, பஸ்ஸுலருந்தே பேசறான். 'அம்மா, எழில்மதிக்கு நான் வந்துகினே இருக்கேன், பயப்படாதீங்க'ன்றான். அவங்கிட்ட எப்படி டீச்சர் சொல்றது? கெடச்சிடுச்சிப்பா, நல்லா இருக்கான்னுட்டேன். சொன்னதும் ஒரு மாதிரி இருந்துது. நல்லாத்தான் இருந்துது. இந்த வூட்ல அவரு அவ பேர எடுக்க மாட்டாரு. எங்கம்மா வூட்லயும் எடுக்க மாட்டாங்க, நான் அழுவேன்னு. நீங்களும்..." அவள் முடிக்கவில்லை. "யாரோ முன்னபின்ன தெரியாதவங்கதான் அவ பேரச் சொல்லிக் கேப்பாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தனம்" என்று நான்சியின் வாயில் வந்துவிட்டது. எங்கே வந்து சொல்வது, எப்போது வந்து சொல்வது என்று தனம் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பலகை மேலிருந்த போன் அடித்தது. தனம் எட்டிப் பார்த்தாள். கை அந்தரத்தில் நின்றது.

"சங்ககிரிக்காரரு" என்றாள், தனக்குள் சொல்வது போல. "லாரி ஓட்டறாரு. மாசம் ஒருக்கா பேசுவாரு. அந்த மெசேஜப் பாத்துட்டுதான் மொதல்ல போன் பண்ணாரு. அப்புறம் வுடவேயில்ல. அவருக்கும் பொம்பளப் புள்ள இல்ல. எந்தக் கிளாஸு போவுது, என்ன ரேங்குன்னு கேப்பாரு. நேத்துலருந்து அடிச்சிக்கினே இருக்காரு. நான் எடுக்கல."

போன் நின்றது. மறுபடி அடித்தது.

"எங் கையெல்லாம் பலாப்பாலு. நீங்க எடுங்க டீச்சர்" என்றாள் தனம். "நீங்கதானே எழுதினீங்க."

கோபமாக அவள் அதைச் சொல்லவில்லை. அதனாலேயே மறுக்க முடியவில்லை. நான்சி எடுத்தாள்.

"ஏனுங்கம்மா, நான் சென்னியப்பன் பேசறனுங்க." எதிரே லாரிகள் போகும் இரைச்சல். கூடம் முழுக்கக் கேட்கும் குரல். "நேத்துப் புடிச்சுக் கூப்புடறேன், எடுக்கவே மாட்டேங்கறீங்க. இங்க பசங்க ஒரு மெசேசு காட்டுனானுங்க. மெழுவத்தி எல்லாம் போட்டு. அட போங்கடா, நான் போன மாசந்தான் அவங்கம்மாகிட்ட பேசினேன்னு சண்ட போட்டுட்டு வந்தனுங்க. அது பொய்தானுங்களே?"

நான்சி தனத்தைப் பார்த்தாள். தனம் கையில் ஒரு சுளையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் என்றும் அந்தப் பார்வையில் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை.

பொய்தான் என்று ஒரு வார்த்தை போதும். அந்தப் படம் பொய், அந்த முகம் பொய், ரத்தம் கிடைக்கவில்லை என்பது பொய். முக்கால்வாசி பொய்யான ஒன்றைப் பொய் என்று சொன்னால் என்ன? ஆனால் அவர் கேட்பது அந்த முக்கால்வாசியை அல்லவே.

"ரத்தம் கிடைக்கலன்னு போட்டிருக்கறது பொய்ங்க" என்றாள் நான்சி. "ரத்தம் கிடைச்சுது. நிறைய பேர் வந்தாங்க. ஆனா பாப்பா... பாப்பா இல்லைங்க. அது நெஜம்."

இரைச்சல் மட்டும் கேட்டது.

"நீங்க யாருங்க?"

"பக்கத்து வீடு" என்றாள். பிறகு, "முன்னாடி பக்கத்து வீடு" என்று திருத்தினாள்.

"அப்ப இத்தன நாளா என்றகிட்டப் பேசுனது?"

"அவங்கதான். அவங்கம்மாதான். வேற யாரும் இல்லைங்க, ஏமாத்தணும்னு இல்ல."

"ஏமாத்துனாங்கன்னு நான் சொல்லலீங்க." ஒரு ஏர்ஹாரன் கடந்து போயிற்று. "ஏழாவதுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வேணுமின்னு சொன்னாங்க. வாங்கி வண்டியிலதான் வெச்சிருக்கறனுங்க. கடலூருக்கு லோடு வந்தா வழியில குடுத்துப்புடலாம்னு. செரிங்க. வெக்கறனுங்க."

நான்சி போனைப் பலகையில் வைத்தாள். அது சாதாரணமாக, சத்தமில்லாமல் அணைந்தது.

"ஜாமெட்ரி பாக்ஸு நான் கேக்கல" என்றாள் தனம். "என்னென்ன வாங்கணும்னு அவருதான் கேட்டாரு. அத சொன்னேன், அவ்வளவுதான். வாங்குவாருன்னு நெனைக்கல."

"மறுபடி கூப்பிடுவார்" என்று சொல்ல நான்சிக்கு நாக்கு எழுந்தது. அவளுக்கு அது தெரியாது.

வெளியே சைக்கிள்கள் போகத் தொடங்கியிருந்தன. பழனிவேல் இதோ வந்துவிடுவான். அவன் முன்னால் இதைப் பேச முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. நான்சி நகர்ந்து தனத்தின் அருகே உட்கார்ந்தாள்.

"தனம், அவர்கிட்ட சொன்னத என்கிட்ட சொல்லு. ஏழாவதுல அவ எப்படி இருக்கா? என்ன படிக்கறா, யார் கூட சண்ட போடறா, எல்லாம். நான் கேக்கறேன்."

தனம் கத்தியைக் கீழே வைத்தாள். முதன்முதலாக அவள் முகம் இளகியது. எதையோ சொல்ல உதடு பிரிந்தது. நான்சியின் முகத்தை ஒரு கணம் நன்றாகப் பார்த்தாள். எதிரில் இருப்பது தோளில் எழில்மதியைத் தூக்கிச் சுமந்தவள், கடைசி நாள் ஆஸ்பத்திரியில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், குழிமேட்டில் மண் தள்ளியவள்.

"முடியலக்கா" என்றாள். "உங்களுக்குத்தான் தெரியுமே."

பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை நான்சியின் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான்சி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளைகளை எடுக்கத் தொடங்கினாள்.